பின்சக்கர அலைன்மென்ட்: கேம்பர் மட்டும் போதுமா?

கேள்வி: என் ஸ்போர்ட்ஸ் காரில் உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங்குகளைப் பொருத்திய பிறகு, பின் டயர்களின் உள்விளிம்பு வேகமாகத் தேய்கிறது, பின்பகுதி அலைபாய்கிறது. சக்கரங்களின் சாய்வுக் கோணமான கேம்பரைத் திருத்தினால் போதுமா?

பதில்: போதாது. வண்டி தாழும்போது சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாயும் நெகட்டிவ் கேம்பர் கூடுவது உண்மைதான். ஆனால் பல ஸ்போர்ட்ஸ் கார்களில் 1 முதல் 2 டிகிரி வரையிலான சாய்வு இயல்பானதே. கூடவே மாறிவிடும் டோ கோணம்தான் (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) பெரும்பாலும் டயரை விரைவில் தின்கிறது. பின்சக்கரங்களின் முன்விளிம்புகள் வெளிநோக்கித் திரும்பியிருந்தால், பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் ஆக்சிலரேட்டரைத் தளர்த்தும்போதும் பின்பகுதி நிலைகுலையக்கூடும் என்பதால், இதைத் தள்ளிப்போட வேண்டாமென வலியுறுத்துகிறேன்.

முதலில், சக்கரத்தை வண்டியுடன் இணைக்கும் சஸ்பென்ஷன் ஆர்ம்களின் ரப்பர் புஷ்களை (இணைப்புகளில் உள்ள ரப்பர் உறைகளை) மெக்கானிக்கிடம் சோதிக்கச் சொல்லுங்கள்; அவை தேய்ந்திருந்தால், நின்ற வண்டியில் அமைத்த அளவு ஓடும்போது நிலைக்காது. கேம்பரை மாற்றினால் டோவும் மாறும் என்பதால், கேம்பரை முதலிலும் டோவை அதன் பின்னரும் அமைக்க வேண்டும். இருக்கும் போல்ட்டுகளின் திருத்த எல்லைக்குள் தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவு வராவிட்டால், நீளத்தை மாற்றக்கூடிய ஆர்ம்களைப் பொருத்துவதே முறையான வழி. ரப்பர் புஷ் உள்ள இணைப்புகளை, வண்டியின் எடை சக்கரங்களில் இறங்கிய நிலையிலேயே இறுதியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கேறி விரைவில் கிழியும்.

இரு பின்சக்கரங்களின் டோ சமமாக இல்லையெனில், நேராக ஓடும்போதும் ஸ்டீயரிங் கோணலாகவே நிற்கும். ஆகவே முன்சக்கரங்களைக் கடைசியில்தான் திருத்த வேண்டும்.