நாலரை மணி பஸ்

வணக்கம் சார்,

நான் சேலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலை முதலாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த மாதம் எங்கள் வளாகத்தில் மூன்று நாள் கலைவிழா. விழாக் குழுவில் நானும் இருக்கிறேன். முதல் நாள் காலை திறப்பு விழா, அது முடிந்ததும் 11.30-க்கு நாதஸ்வரக் கச்சேரி. செமினார் ஹாலில் ஓவியக் கண்காட்சி. இரண்டாம் நாள் மதியம் 2 மணியிலிருந்து 2.45 வரை தெருக்கூத்து. மூன்றாம் நாள் 3.30-க்கு நாங்களே போடும் நவீன நாடகம்.

போன வருஷமும் இப்படித்தான் நடத்தினார்களாம். 600 பேர் உட்காரும் அரங்கில் கடைசியில் 40 பேர்கூட இல்லை. நாலரைக்கு பஸ் என்று எழுந்து போய்விட்டார்கள். இந்த முறை சினிமாப் பாடகர் யாரையாவது கூப்பிட்டால்தான் கூட்டம் நிற்கும் என்கிறார்கள் குழுவில். கூத்துக்காரர்கள் வேஷம் கட்டவே இரண்டு மணி நேரம் கேட்கிறார்கள். ‘வீட்டிலேயே கட்டிக்கொண்டு வந்துவிட முடியாதா’ என்கிறார் எங்கள் ஆசிரியர் ஒருவர். எங்கள் தலைமுறைக்கு ரசனை இல்லை என்று எல்லோரும் சொல்வது உண்மையா? என்ன செய்தால் பிள்ளைகள் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

பூ.,
அம்மாப்பேட்டை, சேலம்

அன்புள்ள பூ.,

உங்கள் கேள்விக்கு நீங்களே பதிலும் எழுதிவிட்டீர்கள். நாலரை மணி பஸ். வாழப்பாடிக்கும் மேட்டூருக்கும் போக வேண்டிய பிள்ளை, அந்த பஸ்ஸை விட்டால் எப்படி வீடு சேரும்? ஏற்காட்டிலிருந்து வருகிறவர்கள் இருந்தால் இன்னும் மோசம், இருட்டிய பிறகு 20 கொண்டை ஊசி வளைவு ஏறியாக வேண்டும். அதற்குப் பயந்து எழுந்து போகிறவர்களை ரசனை இல்லாதவர்கள் என்பது அநியாயம். உங்கள் நிகழ்ச்சி நிரலில் எல்லாக் கலையையும் ஆபீஸ் நேரத்துக்குள் அடைத்து வைத்திருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான் குறை.

கூத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி சோறு தின்றுவிட்டு, பாயும் போர்வையுமாகக் கூத்தாடுகிற களரிக்கு வந்து உட்கார்ந்து, விடிய விடியப் பார்ப்பது. முதலில் கோமாளி வந்து ஊர்க்கதை பேசிச் சிரிக்க வைப்பான். பிறகு இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கைக் கால். உள்ளே இருப்பவன் தன்னைப் பற்றித் தானே பாடிக்கொண்டிருப்பான், ஆனால் முகம் காட்ட மாட்டான். பார்க்கிறவர்களின் தவிப்பை ஏற்றி ஏற்றித்தான் திரை விலகும். நீங்கள் கொடுத்திருக்கிற 45 நிமிடத்தில் துரியோதனன் திரையை விட்டே வெளியே வந்திருக்க மாட்டான், உங்கள் ஆட்கள் பொன்னாடையோடு மேடையேறி விடுவார்கள்.

வேஷத்தை வீட்டிலேயே கட்டிக்கொண்டு வரலாமே என்ற ஆசிரியர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் பார்த்ததில்லை, அவ்வளவுதான். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு கல்லூரியில் கூத்துக்காரர்களுக்கு ஒப்பனை போட ஒரு வகுப்பறையைத் திறந்துவிட்டிருந்தார்கள். கரும்பலகையில் பாதியில் நின்ற ஐந்தொகைக் கணக்கு. பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் இடது கையில் உள்ளங்கை அகலக் கண்ணாடி, வலது கையில் ஈர்க்குச்சி. முகத்தில் எண்ணெய் தடவி அரிதாரம் பூசியாயிற்று, புருவத்துக்கு மேலே வெள்ளைப் புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தார். கரண்ட் போய்விட்டது. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பி.காம். பையன் ஒருவன் செல்போன் டார்ச்சை அடித்துப் பிடித்தான். “கண்ணு, வெளிச்சத்தக் கொஞ்சம் தாழ்த்து, மீசை கோணிக்கிட்டுப் போவுது” என்றார் அவர். அந்தப் பையன் சாப்பாட்டு மணி அடித்தும் நகரவில்லை. புஜக்கட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தான். கனமாக இருக்கும் என்று நினைத்து வாங்கியவன் கை, எடையில்லாமல் மேலே போயிற்று. அது கல்யாண முருங்கை மரம், அதன் மேல் கண்ணாடிச் சில்லும் வண்ணத்தாளும். விடிய விடிய ஆட வேண்டியவன் கட்டுகிற நகை வேறெப்படி இருக்க முடியும்? அன்றைக்கு அரங்கத்தில் நடந்த கூத்து சுமார்தான். அந்தப் பையன் பார்த்த கூத்து வகுப்பறையில் முடிந்துவிட்டது.

ஆகவே அவர்கள் கேட்கிற இரண்டு மணி நேரத்தைக் கொடுங்கள், அதையும் நிகழ்ச்சியாக அழைப்பிதழில் போடுங்கள். ‘மாலை 7 மணி: வேஷம் கட்டுதல். யாரும் வந்து பார்க்கலாம்’. படம் வரையத் தெரிந்த பிள்ளைகளை நோட்டோடு உட்காரச் சொல்லுங்கள். கூத்தை 9 மணிக்கு மேல், மறுநாள் விடுமுறை வருகிற மாதிரி, விளையாட்டு மைதானத்தில் வையுங்கள். விடுதிப் பிள்ளைகள் இருப்பார்கள். வீட்டுக்குப் போகிறவர்களுக்காக அன்று ஒரு நாள் பஸ்ஸை விடியற்காலைக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கேளுங்கள். மறுப்பார்கள், மறுபடி கேளுங்கள்.

இன்னொன்று. வளாகத்துச் சுவரை ஒட்டி ஊர் இருக்கிறதல்லவா? அங்கே போய்த் தண்டோரா போடாத குறையாகச் சொல்லிவிட்டு வாருங்கள். கூத்துப் பார்க்கத் தெரிந்த கிழவிகள் 20 பேர் முன்னால் வந்து உட்கார்ந்தால், எங்கே சிரிக்க வேண்டும், எங்கே கண்ணைத் துடைக்க வேண்டும் என்று உங்கள் பிள்ளைகளுக்குத் தானே தெரிந்துவிடும். கதையை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். யாரோ ‘கர்ண மோட்சம் போடுங்கள், டச்சிங்காக இருக்கும்’ என்று சொல்லியிருப்பார்கள். நம் பக்கத்தில் அது கருமாதிக்கு ஆடுகிற கூத்து. கூத்து வாத்தியாரைக் கேளுங்கள், அவர் சொல்வார்.

நாதஸ்வரத்தை ஏசி அரங்கத்துக்குள் மைக் வைத்து ஊதச் சொல்வது, யானையைக் கழிவறையில் குளிப்பாட்டுவது மாதிரி. கோயில் வீதியில் சாமிக்கு முன்னால் ஊதுவதற்கென்று செய்த வாத்தியம். காலையில் பஸ்கள் வந்து நிற்கிற நேரத்தில் வாசல் மரத்தடியில் வாசிக்கச் சொல்லுங்கள், கேட்டுக்கொண்டே உள்ளே வரட்டும். சேலத்திலேயே அரசு இசைப்பள்ளி இருக்கிறது, நாதஸ்வரமும் தவிலும் அங்கே பாடம். அந்தப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். கச்சேரி தொடங்கும் முன் வித்வான், நாதஸ்வரத்தின் வாயில் செருகி ஊதுகிற சீவாளியை நாக்கில் நனைத்துப் பதம் பார்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க விடுங்கள்.

ஓவியங்களை செமினார் ஹாலிலிருந்து வெளியே எடுத்து, கேன்டீனுக்குப் போகிற வராந்தாவில் மாட்டுங்கள். கவின் கலை படிக்க வேண்டுமென்றால் நம் பிள்ளைகள் சென்னைக்கோ கும்பகோணத்துக்கோ போக வேண்டியிருக்கிறது. அச்சில் அல்லாத ஓவியத்தைப் பார்க்காமலே டிகிரி வாங்கிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

உங்கள் நாடகத்தைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை, இருட்டிய பிறகு போடுங்கள் என்பதைத் தவிர. 1977-இல் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தில் நாடகப் பட்டறை நடந்தது. அன்று அங்கே பயின்றவர்கள்தான் பின்னாளில் ஊர் ஊராக நவீன நாடகத்தைக் கொண்டுபோனார்கள். அதுவும் ஒரு கிராமியப் பல்கலைக்கழக வளாகம்தான். நமக்கும் பெருமை இல்லாமல் இல்லை. நாடகக் கம்பெனியில் பாடி ஆடியவர்களை எல்லாம் சினிமாவுக்கு இழுத்துக்கொண்ட மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ 1935-இல் நம் ஏற்காடு சாலையில்தான் தொடங்கியது. இப்போது அதன் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது, அதற்கு முன்னால் செல்ஃபி எடுக்கிறோம்.

சினிமாப் பாடகர் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கும் பிடிக்கும். ஆனால் அவருக்காக வருகிற கூட்டம் அவரோடு எழுந்து போய்விடும், அதை வைத்துக் கூத்துக்கு ஆள் சேர்க்க முடியாது. மேலும் பணம். அவருக்கு மொத்தத் தொகையும் மேடை ஏறுவதற்கு முன்பே போய்விடும். கூத்துக்காரர்களிடம் மட்டும் ரெவென்யூ ஸ்டாம்ப்பில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ‘பில் பாஸானதும் அக்கவுண்டில் ஏறும்’ என்பார்கள். ஒரு இடத்தில் அப்படிச் சொல்லி மூன்று மாதம் இழுத்தடித்ததை நான் அறிவேன். ஆட்டம் முடிந்து அரிதாரத்தைத் துடைக்கும்போது பணம் கையில் இருக்கும்படி குழுவில் சண்டை போட்டாவது ஏற்பாடு செய்யுங்கள். டீயும் சூடாக இருக்கட்டும்.

நானும் வருகிறேன். மூன்று நாள் நிகழ்ச்சியையும் மணி நிமிடத்தோடு எழுதியிருக்கிறீர்கள், தேதியை மட்டும் காணோம். அழைப்பிதழிலாவது விட்டுவிடாமல் போடுங்கள்.