மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் இன்ஜினியருக்கு ஓவர்டைம் உண்டா?

உண்டு. அமெரிக்காவில் நீங்கள் சிவில் இன்ஜினியராக மணிக்கணக்கில் சம்பளம் வாங்கினால், வாரத்துக்கு 40 மணி நேரம் தாண்டிய வேலைக்கு ஒன்றரை மடங்கு தர வேண்டும். "நீங்கள் புரொஃபஷனல், அதனால் கிடையாது" என்று மேனேஜர் சொன்னால் மட்டும் போதாது. பட்டமும் பதவிப் பெயரும் மட்டும் வைத்து, ஓவர்டைம் தர வேண்டாம் என்ற விலக்கு கம்பெனிக்குக் கிடைக்காது. அந்த விலக்குக்கு வேலையின் தன்மையோடு, வாரம் குறைந்தது 684 டாலர் நிலையான சம்பளமும் வேண்டும். பல கம்பெனிகள் இந்த இரண்டாவதை மறந்துவிடுகின்றன.

சம்பளச் சீட்டைப் பாருங்கள். வேலை குறைந்த வாரத்தில் மணிக்கணக்குப்படி தொகையும் குறைந்ததா? அப்படியென்றால் அது நிலையான சம்பளம் இல்லை.

ஆனால் டாக்டர், வக்கீல், ஆசிரியருக்கு இந்தச் சம்பள நிபந்தனை கிடையாது. சாஃப்ட்வேர் இன்ஜினியர் போன்றவர்களுக்கு மணிக்கு 27.63 டாலருக்குக் குறையாமல் கொடுத்தாலே விலக்கு பொருந்தலாம். உங்கள் மாநிலச் சட்டம் இன்னும் சாதகமாக இருக்கலாம், அதையும் பாருங்கள். பாக்கியைக் கேட்க பொதுவாக 2 வருடம்தான், வேண்டுமென்றே மீறியிருந்தால் 3. தள்ளிப்போடாதீர்கள்.