கன்ட்ரோலரை மாற்றும் முன் சக்கரத்தைப் பாருங்கள்

கேள்வி: என் டிரெய்லருக்கு இரண்டு ஆக்சில், நான்கு சக்கரத்திலும் எலக்ட்ரிக் பிரேக். கொஞ்ச நாளாகவே பிரேக் மிதித்தால் டிரெய்லர் பின்னாலிருந்து வண்டியைத் தள்ளுகிறது. வண்டியில் இருக்கும் பிரேக் கன்ட்ரோலரில் கெயினை, அதாவது டிரெய்லர் பிரேக்குக்குப் போகும் கரன்ட்டின் அளவை, முழுசாக ஏற்றியும் பலனில்லை. இறக்கம் இறங்கி நிறுத்தினால் வலது பின் சக்கரம் மட்டும் கொதிக்கிறது, மற்ற மூன்றும் வெதுவெதுப்புதான். புது கன்ட்ரோலர் வாங்கிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள். கன்ட்ரோலர் கெட்டிருந்தால் நான்கு சக்கரமும் ஒரே மாதிரி சுணங்கும். ஒன்று மட்டும் சூடாகிறது என்றால், அந்தச் சக்கரத்தில் பிரேக் ஷூவோ (டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் வளைந்த கட்டை) பேரிங்கோ பிடித்துக்கொண்டிருக்கலாம். அல்லது, நான்கில் அது ஒன்றுதான் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கலாம். இரண்டாவதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று உங்கள் விவரத்தைப் பார்த்தால் தோன்றுகிறது. மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, அந்தச் சூடான சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். தங்குதடையில்லாமல் சுற்றினால் அதில் கை வைக்க வேண்டாம், மீதி மூன்றுக்குப் போங்கள்.

வீலோடு சேர்ந்து சுழலும் பிரேக் டிரம்முக்குள் நடப்பது இதுதான். கன்ட்ரோலர் அனுப்பும் கரன்ட், ஒரு நெம்புகோலின் நுனியில் இருக்கும் மேக்னெட்டுக்கு, அதாவது மின்காந்தத்துக்கு, வருகிறது. அது சுழலும் டிரம்மின் உள்முகத்தில் ஒட்டி இழுபடுகிறது. அந்த இழுப்பில் நெம்புகோல் திரும்பி ஷூக்களை விரிக்கிறது. நெம்புகோல் நகரக்கூடிய தூரம் கொஞ்சம்தான். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உரசும் பட்டையான லைனிங் தேய்ந்து இடைவெளி கூடிவிட்டால் எவ்வளவு கரன்ட் கொடுத்தாலும் ஷூ டிரம்மை அழுத்திப் பிடிக்காது. கெயினை ஏற்றி ஏற்றிப் பயனில்லாமல் போவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

ஆகவே முதல் வேலை, இந்த இடைவெளியைக் குறைக்கும் அட்ஜஸ்ட்மென்ட். டிரம்முக்குப் பின்னால் சுழலாமல் நிற்கும் பின்தட்டின் அடிப்பக்கம் ரப்பர் மூடி போட்ட ஒரு துளை இருக்கும். உள்ளே பல் வைத்த நட்சத்திரச் சக்கரம் தெரியும். டிரெய்லர் முன்னோக்கிப் போகும் திசையில் வீலைச் சுற்றிக்கொண்டே அதை இறுக்குங்கள். வீலைச் சுற்றவே முடியாத அளவுக்கு இறுகியதும் ஒவ்வொரு பல்லாகப் பின்வாங்குங்கள். லைனிங் லேசாக உரசும் சத்தத்தோடு வீல் சுலபமாகச் சுற்ற வேண்டும், அங்கே நிறுத்துங்கள். புது ஷூ என்றால் முதல் 300 கிலோமீட்டரில் ஒருமுறை, பிறகு சுமார் 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். தானாக அட்ஜஸ்ட் ஆகும் வகை என்றால், அந்த அமைப்பு துருவேறி நின்றுவிடவில்லையே என்று பாருங்கள்.

அதிலும் சரியாகவில்லை என்றால் மின்சாரத்தைப் பாருங்கள். 10, 12 அங்குல பிரேக்கில் ஒரு மேக்னெட் ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும். நான்கும் சேர்ந்தால் 12 ஆம்பியர். என்ஜினை ஓடவிட்டு, கன்ட்ரோலரின் கை லீவரை முழுசாகத் தள்ளச் சொல்லி, டிரெய்லரின் பிரேக் வயரில் டிசி கிளாம்ப் மீட்டரை (வயரைக் கவ்விக் கரன்ட்டை அளக்கும் மீட்டர்) மாட்டுங்கள். 9 காட்டினால் ஒரு மேக்னெட்டுக்குக் கரன்ட் போகவில்லை, 3 காட்டினால் ஒன்றுதான் உயிரோடு இருக்கிறது. 12-ஐத் தாண்டி எகிறினால் எங்கோ ஷார்ட். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் குறைவு என்றால் எர்த்தைச் சந்தேகியுங்கள். பிளக்கில் பச்சை பூத்த முள், சேசிஸில் பெயின்ட் மேலேயே முறுக்கிய எர்த் போல்ட், இவை இரண்டும்தான் வழக்கமான காரணங்கள்.

ஒரு இடம் பலர் கண்ணுக்குத் தப்பிவிடும். ஒரு பக்கச் சக்கரத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகும் வயரைச் சில டிரெய்லர்களில் ஆக்சில் குழாய்க்குள்ளேயே விட்டிருப்பார்கள். ஓட ஓட அது உள்ளே உரசி உரசி இன்சுலேஷன் உரிந்துபோகும். நிற்கும்போது மீட்டர் சரியாகக் காட்டும், ஓடும்போது பிரேக் விட்டு விட்டுப் பிடிக்கும். அப்படி என்றால் புது வயரைக் குழாய்க்கு வெளியே, கிளிப் போட்டு இழுத்துவிடுங்கள்.

டிரம்மைக் கழற்றினால் முதலில் கிரீஸ் தேடுங்கள். ஆயில் சீல் கசிந்தோ, கிரீஸ் ஏற்றும் நிப்பிளில் அளவுக்கு மீறி அடித்தோ லைனிங் நனைந்திருந்தால் அதைத் துடைத்துப் போடக் கூடாது. லைனிங் எண்ணெயை உறிஞ்சிவிடும், சூடானதும் மறுபடி கசியும். அந்த ஆக்சிலின் இரு பக்கமும் ஷூவை மாற்றியே ஆக வேண்டும். மேக்னெட்டின் முகம் சமமாகத் தேய்ந்திருக்க வேண்டும். இரும்பு ஸ்கேலை அதன் மேல் வைத்தால் வெளிச்சம் தெரியக் கூடாது. சாய்வாகத் தேய்ந்திருந்தாலோ, செம்புக் கம்பி எட்டிப் பார்த்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. மல்டிமீட்டரில் பெரும்பாலான மேக்னெட் 3 முதல் 4 ஓம் காட்டும். வயருக்கும் மேக்னெட்டின் உடம்புக்கும் இடையே தொடர்பே காட்டக் கூடாது. உள்ளே இருக்கும் தூசியை மட்டும் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடையுங்கள்.

எல்லாம் சரியானதும் கெயின் இன்னும் உச்சத்தில் இருக்கிறது என்பதை மறந்துவிட வேண்டாம். அப்படியே ஓட்டினால் முதல் பிரேக்கிலேயே சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். வழக்கமான சுமையோடு, காய்ந்த சமதளச் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் கை லீவரைத் தள்ளிப் பார்த்துக் கெயினைக் கீழிருந்து ஏற்றுங்கள். சக்கரம் பூட்டும் நிலைக்குச் சற்று முன்னால் விட்டுவிடுங்கள்.

டிரெய்லர் கழன்றுகொண்டால் தானாகப் பிரேக் போடும் சுவிட்சையும் அன்றே சோதியுங்கள். வண்டியிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு சுவிட்சின் பின்னை இழுத்தால், தூக்கி வைத்த சக்கரம் கையால் சுற்ற வராமல் நிற்க வேண்டும். நின்றதும் பின்னை உடனே திருப்பிச் செருகுங்கள், தாமதித்தால் மேக்னெட் சூடாகும், பேட்டரியும் இறங்கிவிடும்.