முகாமுக்கு நேரம் இருக்கிறது, வீட்டில் சாப்பிட நேரம் இல்லையா?

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு வணக்கம்.

நான் செபராங் ஜெயாவில் இருக்கிறேன். தடிகாவில், அதாவது பாலர் பள்ளியில், ஆசிரியை. கணவர், மகள், மகன் என்று வீட்டில் நாலு பேர். நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது எப்போது என்று கேட்டால் எனக்கு ஞாபகமில்லை. பிரிட்ஜ் கதவில் கால அட்டவணை எழுதி ஒட்டினேன். யார் எப்போது வீட்டில் இருப்பார்கள் என்று ஆளுக்கொரு கலர் பேனாவில் எழுதச் சொன்னேன். இன்றுவரை அதில் என் கலர் மட்டும்தான் இருக்கிறது.

மூத்தவளுக்கு 17 வயது. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதிய கையோடு பேரங்காடியில் ஒரு பபிள் டீ கடையில் சேர்ந்துவிட்டாள். ரிசல்ட் வரும்வரை சும்மா இருந்தால் என்ன? தூங்கட்டும், சமையல் கற்றுக்கொள்ளட்டும், சபையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கட்டும். கேட்பதில்லை. இரவு பத்து மணிக்குக் கடை சாத்திவிட்டுத்தான் வருவாள். ஞாயிற்றுக்கிழமையும் வேலை. செவ்வாய் ஒருநாள்தான் ஓய்வு, அன்று எனக்குப் பாடகர் குழுப் பயிற்சி. வருடக் கடைசி இரவு ஆராதனைக்குக்கூட கடைச் சீருடையோடு பாதியில் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள். ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக் கொடுத்தவள் நான். உனக்குக் காசுப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று போன மாதம் கொஞ்சம் கடுமையாகவே திட்டிவிட்டேன். பதில் பேசவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள்.

இளையவன் படிவம் இரண்டு. அவனுக்கு விடுமுறை என்றால் பந்து, கைப்பேசி, முகாம். இந்த விடுமுறையில் போர்ட்டிக்சனில் வாலிபர் முகாமுக்குப் போய் வந்தான். நல்லதுதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். (கட்டணம் 180 வெள்ளி. அதை மகள்தான் கட்டினாள், அப்பாவிடம் சொல்லாதீங்கம்மா என்றாள். நான் அவரிடம் சபையிலிருந்து உதவி கிடைத்தது என்று சொல்லிவிட்டேன். அது பெரிய விஷயமில்லை.) திரும்பி வந்த ஞாயிறு, ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்து, எனக்கு உதவி செய்த சபைக்கு நன்றி என்றான். போதகர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கணவர் தலையைக் குனிந்துகொண்டார். முகாமில் என்ன கற்றுக்கொண்டாய் என்று வீட்டுக்கு வந்து கேட்டால், “நல்லா இருந்துச்சுமா” என்பதோடு சரி. எல்லாம் கைப்பேசியால் வந்த வினை.

கணவர் பிறையில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பல வருடம் டெக்னீஷியன். போன வருடம் வி.எஸ்.எஸ்., அதாவது இழப்பீடு வாங்கிக்கொண்டு தானாக வேலையை விடும் திட்டம், எடுத்தார். கிடைத்த பணம் வீட்டுக் கடன் பாக்கிக்கே போய்விட்டது. சபையில் சொந்தத் தொழில் செய்கிறார் என்று சொல்லியிருக்கிறோம், இப்போது கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறார். நேரங்காலம் கிடையாது. ஆராதனை முடிந்ததும் கீழே மண்டபத்தில் மீகூன், தேத்தண்ணீர் கொடுப்பார்கள், எல்லாரும் நின்று பேசுவார்கள். முன்பெல்லாம் கடைசியாகக் கிளம்புகிறவர் அவர்தான். கொஞ்ச நாளாக ஆசீர்வாதம் முடிவதற்குள் கார்ச் சாவியை எடுத்துவிடுகிறார். குடும்ப ஜெபம் நின்று எத்தனையோ மாதமாகிறது.

நான் மட்டும் என்ன சும்மாவா இருக்கிறேன்? இந்த விடுமுறைக்கு வி.பி.எஸ்., அதாவது விடுமுறை வேதாகமப் பள்ளி, பொறுப்பு என்னிடம். பெண்கள் ஐக்கியத்தின் பொருளாளர் வேலையும் என் தலையில். புதன்கிழமை வீட்டுக்கூட்டம் இருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் நான் சமைத்து வைத்தால் ஆளுக்கொரு நேரத்தில் சூடு பண்ணிச் சாப்பிடுகிறார்கள். சுங்கைப்பட்டாணியில் மாமியார் எங்களைப் பார்த்து நாளாகிறது என்று போனில் அழுகிறார். கிள்ளானில் இருக்கும் நாத்தனார் குடும்பமாய்க் கேமரன் மலைக்குப் போன படங்களை ஃபேஸ்புக்கில் போடுகிறார். அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது, உண்மையைச் சொல்கிறேன்.

நேரத்தை எப்படிப் பங்கிடுவது? மகளை ஞாயிறு வேலையை விடச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாமா? வழி சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம், செபராங் ஜெயா

*

அன்புள்ள சகோதரிக்கு,

மாமியாரின் அழுகை, நாத்தனாரின் கேமரன் மலைப் படங்கள், மகனின் கைப்பேசி, பிரிட்ஜ் அட்டவணை எல்லாவற்றையும் படித்தேன். அவற்றுக்கு நான் பதில் எழுதப்போவதில்லை. உங்கள் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு விஷயம் இருக்கிறது. அதற்குப் பிறகு “அது பெரிய விஷயமில்லை” என்று எழுதினீர்கள். இத்தனை குறைகளில் வேறு எதற்கும் நீங்கள் அப்படி எழுதவில்லை. கைப்பேசியைப் பெரிய விஷயமில்லை என்று சொல்லத் தோன்றாத உங்களுக்கு, கணவரிடம் சொன்ன ஒரு பொய்யை மட்டும் அப்படிச் சொல்லத் தோன்றியிருக்கிறது.

முதலில் மகளைப் பற்றி. மலேசியாவில் இப்போதைய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக் கணக்கில் 8 வெள்ளி 72 காசு. அந்தக் கணக்குப்படி 180 வெள்ளி என்பது ஏறக்குறைய 21 மணி நேரம். அத்தனை நேரம் நின்றுகொண்டே டீ கலக்கி, மூடி போட்டு, தம்பியைக் கடற்கரைக்கு அனுப்பி வைத்த பிள்ளையை நீங்கள் காசுப் பைத்தியம் என்று திட்டியிருக்கிறீர்கள். அவள் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல முடியாது. சொன்னால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். கதவைச் சாத்துவது ஒன்றுதான் அவள் கையில் மிச்சமிருந்தது.

நான் கிறிஸ்தவள் அல்ல. ஆனாலும் பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாளுக்கு அடுத்தது எது என்று எனக்குத் தெரியும். தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு என்பது. நீங்கள் ஒன்றைக் காட்டி அவளைக் கண்டிக்கிறீர்கள், அவள் அடுத்ததைச் செய்துகொண்டிருக்கிறாள். இந்த இடத்தில் நான் அவள் பக்கம்தான், மன்னியுங்கள்.

அதற்காக அவள் இப்படியே உழைக்கட்டும் என்று சொல்லவில்லை. பிள்ளைகள், இளையோர் வேலைவாய்ப்புச் சட்டம், 1966, 15 முதல் 18 வயதுக்குட்பட்டவர்களைப் பொதுவாக இரவு 8 மணிக்கு மேல் வேலையில் வைக்கக் கூடாது என்கிறது, நாளைக்கு 7 மணி நேரத்துக்கு மேலும் கூடாது, வாரத்தில் ஆறு நாளுக்கு மேலும் கூடாது. பத்து மணிக்குக் கடை சாத்துவது அவள் வேலை அல்ல. அதைக் கடைக்காரரிடம் போய்ப் பேச வேண்டியது பெற்றவர்கள். ஆனால் அதற்கு நீங்கள் இருவரும் சேர்ந்து போக வேண்டும். சேர்ந்து போக வேண்டுமென்றால் அவள் ஏன் வேலை செய்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நேரம்தான் பிரச்சினை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் நீங்கள் அந்த அடைப்புக்குறியில் வந்துதான் இடிக்கிறீர்கள்.

இனி உங்கள் கணவர். மகள் பணம் கொடுத்தாள் என்று தெரிந்தால் மனசு உடைந்துவிடுவார் என்றுதானே சபை உதவியது என்று சொன்னீர்கள்? அவர் இடத்தில் நின்று ஒருமுறை யோசியுங்கள். மகள் தம்பிக்குக் கட்டினாள் என்பது ஒரு தகப்பனுக்கு வலிக்கும், கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும். சபை பணம் கொடுத்தது என்றால் என்ன அர்த்தம்? தன் பிள்ளைக்கு 180 வெள்ளி கட்ட வக்கில்லை என்பது போதகருக்குத் தெரியும், பொருளாளருக்குத் தெரியும், ஒருவேளை மீகூன் தட்டோடு நிற்கும் எல்லாருக்கும் தெரியும் என்று அர்த்தம். சொந்தத் தொழில் என்று சொல்லிக்கொண்ட அதே ஆட்களுக்கு. மகன் வேறு எல்லார் முன்னிலையிலும் எழுந்து நன்றி சொன்னான். சின்ன வலியிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று நீங்கள் அவரைப் பெரிய அவமானத்துக்குள் உட்கார வைத்துவிட்டீர்கள். அவ்வளவும் நடக்கவே நடக்காத ஓர் உதவிக்காக.

அவர் சாவியை எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது அந்த ஞாயிறுக்கு முன்பா, பிறகா? நீங்கள் எழுதவில்லை. நினைத்துப் பாருங்கள். முன்பே என்றாலும், “இப்ப எங்கண்ணே வேலை?” என்ற கேள்வியிலிருந்து ஓடுகிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. கிராப் சவாரி பத்து நிமிடம் கழித்தும் கிடைக்கும்.

உங்கள் வீட்டில் எல்லாருக்கும் வெளியே இருக்க ஒரு மரியாதையான காரணம் இருக்கிறது. அவருக்குச் சவாரி, மகளுக்குக் கடை, மகனுக்குப் பந்து. இருப்பதிலேயே மரியாதையான காரணம் உங்களுடையது. சபை வேலை செய்கிறவளை ஏன் வீட்டில் இல்லை என்று யார் கேட்பார்கள்? வீட்டில் பணம் இறுகிப்போன இந்த நேரத்தில் வி.பி.எஸ்., பொருளாளர் பொறுப்பு இரண்டும் உங்களிடம் இருக்கின்றன. ஊழியத்தைக் குறை சொல்லவில்லை. நாலு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் யாராவது வாயைத் திறந்துவிடுவார்களோ என்ற பயம் உங்களுக்கும் இருக்கிறது. சாப்பாட்டு மேசை காலியாக இருப்பது உங்களுக்கு வருத்தம்தான். கொஞ்சம் நிம்மதியும்தான்.

ஆகவே அட்டவணையைக் கிழித்துவிடுங்கள். மகளிடம் முதலில் பேசுங்கள், திட்டியதற்காக வருந்துகிறேன் என்று சொல்லுங்கள். பிறகு, அப்பாவிடம் நான் சொல்லப்போகிறேன் என்று சொல்லுங்கள். அனுமதி கேட்காதீர்கள். வேண்டாம் என்பாள். சொல்வதும் சொல்லாததும் 17 வயதுப் பிள்ளை முடிவு செய்கிற காரியமாக இருந்தது போதும். அன்றிரவே அவரிடம் சொல்லுங்கள். பிள்ளைகள் இல்லாத நேரமாக இருக்கட்டும், அவருக்குக் கோபம் வந்தால் வரட்டும். சபை பணம் தரவில்லை என்ற வாக்கியத்தை முதலில் சொல்லுங்கள். அவருக்கு மிகத் தேவையானது அதுதான். போதகரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர் அன்று பார்த்த பார்வைக்குக் காரணம் குழப்பமாகத்தான் இருக்கும். மகனுக்கும், அவன் நன்றி போய்ச் சேர வேண்டிய இடம் தெரியட்டும்.

பணத்தைப் பற்றி இரண்டு வரி. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலை காப்புறுதித் திட்டத்தில் வி.எஸ்.எஸ். எடுத்தவர்களும் சேர்த்தி. ஆனால் வேலை போன 60 நாட்களுக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். அவர் விண்ணப்பித்தாரா, வெட்கப்பட்டுக்கொண்டு விட்டுவிட்டாரா என்று கேளுங்கள். காலம் தாண்டியிருந்தாலும் சொக்சோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் பெயரைப் பதிந்து வேலை தேடலாம். பல வருட டெக்னீஷியனுக்கு பிறையிலும் பாயான் லெப்பாஸிலும் இன்னும் தேவை இருக்கிறது. மகள் தொடர்ந்து வீட்டுக்குப் பணம் தருவதா, எவ்வளவு, எதுவரை என்பதை அப்பாவும் இருந்து பேசி முடிவு செய்யுங்கள். அவளுடைய மேற்படிப்புக்கு ஒரு பங்கு கட்டாயம் ஒதுங்க வேண்டும்.

ஞாயிறு வேலையை விடச் சொல்லலாமா என்று கேட்டீர்கள். இப்போது அதைப் பேசாதீர்கள். கடை நேரம் எட்டு மணியோடு முடிந்து, வீட்டுக் கணக்கு வெளிச்சத்துக்கு வந்த பிறகு, ஞாயிறு வேண்டுமா வேண்டாமா என்று அவளே சொல்வாள். வேண்டாம் என்பாள் என்று நான் உறுதி தர மாட்டேன்.

அவளுக்குச் செவ்வாய் ஓய்வு, உங்களுக்கு அன்று பாடகர் குழுப் பயிற்சி என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். வருகிற செவ்வாய் பயிற்சிக்குப் போகாதீர்கள். உங்கள் குரல் இல்லாமல் ஒரு வாரம் பாடிக்கொள்வார்கள்.