பேரப்பிள்ளைகளுக்குப் பலா மரத்தில் என்ன செய்து கொடுக்கலாம்?

வாசகர் கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். திருவட்டாறு பக்கம் வசிக்கிறேன். மே மாத விடுமுறைக்கு மகனும் மகளும் பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு வருகிறார்கள். பேரப்பிள்ளைகள் மூன்று பேர்: பத்து மாதப் பேத்தி, மூன்றரை வயதுப் பேரன், ஏழு வயதுப் பேத்தி. பழைய வீட்டைப் பிரித்தபோது எடுத்துவைத்த பலா, அயினிப் பலகைகள் நிறைய கிடக்கின்றன. ரம்பம், இழைப்புளி, உளி ஓரளவு பழக்கம். மூவருக்கும் என் கையாலேயே ஏதாவது செய்து கொடுக்க ஆசை. என்ன செய்யலாம்? என்ன பெயிண்ட் அடிக்கலாம்? ரப்பர் மரம் உதவுமா? ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள் மரச்சாமானைத் திரும்பிக்கூடப் பார்க்காது’ என்கிறார் என் மனைவி. அவர் சொல்வது சரிதானா?

பதில்:

அன்புள்ள ஐயா,

பெயிண்ட் அடிக்க வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதைவிட முக்கியம், உங்கள் பலகைகளில் ஏற்கெனவே என்ன அடித்திருக்கிறார்கள் என்பது. வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் எவ்வளவு ஈயம் இருக்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. பழைய பெயிண்டைச் சுரண்டினாலோ உப்புத்தாளால் தேய்த்தாலோ அந்தத் தூள் தரையில் படியும். தவழும் குழந்தையின் உள்ளங்கையில் ஒட்டி வாய்க்குப் போகும். ஆகவே பெயிண்ட் பட்ட பலகையைத் தொடவே தொடாதீர்கள்.

பெயிண்ட் இல்லாத பலகையிலும் ஒரு பக்கம் கருத்திருக்கிறதா என்று பாருங்கள். கரையான் ஏறாமலிருக்க உத்தரத்திலும் கழுக்கோலிலும் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவது நம் பக்கத்துப் பழைய வழக்கம். தோல் வெந்துபோகிற அளவுக்குக் காரமான எண்ணெய் அது. சிலர் வண்டிகளின் கழிவு எண்ணெயையும் பூசியிருப்பார்கள். மேலாக இழைத்துவிட்டால் போய்விடும் என்று நினைக்காதீர்கள். எண்ணெய் நாருக்குள் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பது வெளியே தெரியாது. அப்படிப்பட்ட பலகையை மாட்டுத் தொழுவத்துக்கோ வேலிக்கோ வைத்துக்கொள்ளுங்கள். எதுவும் பூசாத கதவுச்சட்டம், அறைத்தட்டுப் பலகை கிடைத்தால் அதுதான் உங்களுக்கு வேண்டியது. முற்றிக் காய்ந்த பலா வைரம் பொன் மஞ்சளில் இழையும்; வருடம் போகப்போகப் பழுப்பேறும். வீணையையும் மிருதங்கத்தையும் இந்த மரத்தில்தான் குடைகிறார்கள். பத்மநாபபுரம் அரண்மனையின் தாய்க் கொட்டாரத்தில் ஒற்றைப் பலாவில் செதுக்கிய தூணை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த மரத்துக்கு எதற்குச் சாயம்?

ரப்பர் மரம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டு ரப்பர் தோட்டங்களில் பெரும்பகுதி நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருப்பதால் மரம் தாராளமாகக் கிடைக்கும்; இழைப்பதும் சுலபம். ஆனால் வெட்டிய சில நாட்களிலேயே பூஞ்சையும் வண்டும் ஏறிவிடும் என்பதால் ஆலைகளில் பெரும்பாலும் போரான் உப்பு ஏற்றிப் பதப்படுத்துகிறார்கள். பெரிய பிள்ளைகளின் சாமானுக்கு அது பரவாயில்லை. வாயில் வைக்கும் குழந்தைக்கு வேண்டாம். தோட்டத்தில் கிடக்கிறதே என்று அரளி, காஞ்சிரம் (எட்டி மரம்) இரண்டையும் எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள். இரண்டும் நஞ்சு.

இனி பிள்ளைகள். மூவருக்கும் ஒரே சாமானைச் செய்து சமமாகக் கொடுக்கத் தோன்றும். பாட்டா மனம் அப்படித்தான். ஆனால் பத்து மாதக் குழந்தைக்கு உலகமே வாய். மூன்றரை வயதுக்காரனுக்குக் கைதான் எல்லாம். ஏழு வயதுக்காரிக்குத் தானே ஒன்றைச் செய்து முடித்தோம் என்ற நினைப்பு வேண்டும்.

கைக்குழந்தைக்குக் கிலுகிலுப்பை என்றுதான் முதலில் நினைப்பீர்கள். வேண்டாம். உள்ளே போட்ட மணியோ விதையோ ஒட்டு விட்டு வெளியே வந்தால் நேரே தொண்டைக்குப் போகும். நடைவண்டி செய்யுங்கள். பத்து மாதம் என்றால் எதையாவது பிடித்து எழுந்து நிற்கிற பருவம். மே மாதத்துக்குள் அடியெடுத்து வைத்தாலும் வைக்கும். கடையில் விற்கும், குழந்தையை நடுவில் உட்கார வைக்கிற சக்கர வாக்கரை இதோடு சேர்த்து எண்ண வேண்டாம். அதை மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள். கனடா 2004இல் அதைத் தடையே செய்துவிட்டது. நம் நடைவண்டியில் குழந்தை தன் காலில் நின்று தானே தள்ளுகிறது.

நடைவண்டியில் பலரும் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு. குழந்தை கைப்பிடியைப் பிடித்துத் தொங்கித்தான் எழும். பின்சக்கரங்கள் கைப்பிடிக்கு நேர் கீழேயோ அதற்கு முன்னாலோ இருந்தால் வண்டி அப்படியே குழந்தையின் மேல் மல்லாந்துவிடும். பின் அச்சைக் குழந்தை நிற்கும் பக்கமாக நான்கு விரல் வெளியே தள்ளி வையுங்கள். முன்னால் தாழ்வாக ஒரு கட்டையைக் கனத்துக்குப் பொருத்துங்கள். அச்சுத் துளை கொஞ்சம் இறுக்கமாக இருக்கட்டும். சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடினால் குழந்தை முகம் குப்புற விழும். கிளையை வட்டமாக நறுக்கிச் சக்கரம் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காயும்போது நடுவிலிருந்து விளிம்புவரை வெடித்துப் பிளக்கும். பலகையிலிருந்து வட்டம் அறுத்தெடுங்கள். மூட்டுகளுக்கு இரும்பாணி வேண்டாம், பசையும் மர ஆணியும் போதும். ஒரு விஷயத்தை மட்டும் மகளிடமும் மருமகளிடமும் சொல்லி வையுங்கள்: படிக்கட்டு, திண்ணை ஓரம், கிணற்றடி பக்கம் வண்டி போகவே கூடாது.

பேரனுக்குக் கட்டைகள். வெறும் செவ்வகக் கட்டைகளா என்று முகம் சுளிக்காதீர்கள். தடிமன், அகலம், நீளம் மூன்றும் 1:2:4 என்ற கணக்கில் இருந்தால் இரண்டு கட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தாலும் ஒன்றைப் பக்கவாட்டில் நிறுத்தினாலும் மட்டம் சேரும். மூன்றரை, ஏழு, பதினான்கு சென்டிமீட்டர் பிஞ்சுக் கைக்கு வசதியான அளவு. பாதிக் கட்டையும் இரட்டைக் கட்டையும் சிலவற்றை அறுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். மில்லில் கொடுத்து ஒரே அளவில் இழைத்து வாங்கிவிடுவது நல்லது. கையால் அறுத்ததில் ஒரு மில்லிமீட்டர் கூடக்குறைய இருந்தாலும் கோபுரம் பத்தாவது கட்டையில் சாயும். பேரன் தன்மேல்தான் தப்பு என்று நினைத்து அழுவான். நாற்பது கட்டைகளாவது இருக்கட்டும். பத்துக் கட்டையில் எதையும் கட்ட முடியாது. கார், ரயில், யானை என்று செதுக்கிக் கொடுத்தால் அது காராகவே இருக்கும். கட்டைகளோ காலையில் கொட்டாரம், மதியம் பாலம், சாயங்காலம் மாட்டுத் தொழுவம்.

அளவைப் பற்றி ஒன்று. கடையில் விற்கும் விளையாட்டுச் சாமானுக்கு 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். வீட்டில் பேரப்பிள்ளைக்குச் செய்து கொடுப்பதற்கு அந்த விதி இல்லை. ஆனால் அங்கே செய்கிற ஒரு சோதனையை நீங்களும் செய்யலாம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் சாமானில் எந்தப் பகுதியும் சுமார் 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு குழலுக்குள் அடங்கிவிடக் கூடாது. ஒரு கழிவுக் கட்டையில் அந்த அளவுக்கு ஓட்டை போட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் போட்டுப் பாருங்கள். உருண்டைக்கு அது போதாது. ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். அண்ணனின் சாமான் தங்கையின் கைக்குப் போகாமல் இருக்காது என்பதால் அவனுடைய கட்டைகளுக்கும் இதே கணக்குதான்.

மூத்த பேத்திக்கு முடித்த பொருளைக் கொடுக்காதீர்கள். ஒரு கட்டுமரத்தைக் கட்டிப் பார்க்கட்டும். குளச்சல், முட்டம் கரையில் பார்த்திருப்பாள், அல்லது இந்த முறை நீங்கள் கூட்டிப்போய்க் காட்டுங்கள். முள்முருங்கை போன்ற இலேசான மரத்தில் ஒரு முழ நீளத்துக்கு ஐந்து தடிகள், நடுவில் நீளமானது, ஓரத்தில் குட்டையானவை. முனைகளை மேல்நோக்கிச் சீவி வைப்பது உங்கள் வேலை. தேய்ப்பதும் கட்டுவதும் அவள் வேலை. பருத்தி நூல் கயிறு கொடுங்கள்; நனைந்ததும் முடிச்சு இறுகும். முதலில் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, அவிழ்த்து மறுபடி கட்டட்டும். ஒரு மத்தியானம் முழுவதும் போய்விடும். குளத்துக்கோ வாய்க்காலுக்கோ கொண்டுபோனால் நீங்களும் கூடவே நிற்க வேண்டும். மழை நாளைக்குப் பல்லாங்குழி ஒன்று குடைந்து வையுங்கள், பதினான்கு குழி. புளியங்கொட்டை போடுங்கள். அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியைப் போடாதீர்கள். விதை உடைந்து வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. ஆட்டம் முடிந்ததும் புளியங்கொட்டையை எண்ணி எடுத்து உயரத்தில் வையுங்கள், சின்னவள் தவழ்கிற வீடு அது.

செதுக்குவதைவிட மெருகேற்றுவதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். 80, 120, 220 எண் உப்புத்தாள் வரிசையாகத் தேய்த்த பிறகு ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். நார் எழுந்து நிற்கும். விரல் வைத்தாலே சொரசொரப்புத் தெரியும். அதை 220ஆல் மறுபடி தேய்த்துவிட்டால் பிறகு குழந்தையின் எச்சில் பட்டாலும் எழாது. கடைசியில் ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து மூலைமுடுக்கெல்லாம் தடவுங்கள். பஞ்சு இழை எங்கே சிக்குகிறதோ அங்கே சிராய் இருக்கிறது. தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள், மரத்தூள் உங்கள் வயதுக்கு ஆகாது.

பூச்சுக்கு வெளியே அலைய வேண்டியதில்லை. மார்த்தாண்டம் தேன் வியாபாரிகளிடம் தேன்மெழுகு கேட்டு வாங்குங்கள். ஒரு பங்கு மெழுகு, மூன்று பங்கு தேங்காய் எண்ணெய். நேரடியாக அடுப்பில் வைக்காமல் கொதிக்கும் தண்ணீரில் இன்னொரு பாத்திரத்தை இறக்கி உருக்கி, ஆறிய பிறகு துணியில் தொட்டுத் தேய்த்து, மறுநாள் நன்றாகத் துடைத்தெடுங்கள். கட்டைகளுக்கும் பல்லாங்குழிக்கும் இது அருமையாக இருக்கும். நடைவண்டியின் கைப்பிடியைக் குழந்தை கடிக்கும். அதை ஒன்றும் பூசாமல் அப்படியே விடுங்கள். தேன் பேச்சு வந்ததால் சொல்கிறேன்: ஒரு வயது முடியும்வரை குழந்தையின் நாக்கில் தேன் தொட்டு வைக்கவே கூடாது. ஆளிவிதை எண்ணெய் பூசுவதாக இருந்தால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும்.

உங்கள் மனைவியின் சந்தேகம் நியாயமானது. அலங்காரமாகக் கண்ணாடி அலமாரியில் வைத்து, ‘பாட்டா கஷ்டப்பட்டுச் செய்தது, உடைத்துவிடாதே’ என்று சொல்லிக் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் தொடாது. கட்டைகளைக் கூடத்துத் தரையில் கொட்டி நீங்களும் உட்காருங்கள். உங்கள் மனைவியையும் உட்கார வையுங்கள். பல்லாங்குழியில் அவர்தான் பேத்திக்கு ஆட்டம் கற்றுக்கொடுக்கப் போகிறவர் என்று எனக்குத் தோன்றுகிறது. திரும்பும்போது கட்டைகளை ரயிலில் சுமந்து போக வேண்டாம், ஒரு பெட்டியில் போட்டு உங்கள் வீட்டிலேயே வையுங்கள். ஜூன் மழை ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமலிருக்க அவ்வப்போது வெயிலில் காட்டி எடுக்க வேண்டும்.

மே மாதத்துக்குள் மூன்றையும் முடிக்க நேரம் இல்லையென்றால் நடைவண்டியை முதலில் எடுங்கள். சின்னவள் நன்றாக நடக்கத் தொடங்கிவிட்டால் அது அவளுக்குத் தேவைப்படாது.