வாசகர் கேள்வி: டாக்பேக் ஏன் வெறும் ‘பட்டன்’ என்கிறது?

கேள்வி: பாளையங்கோட்டையில் படிக்கும் என் தம்பி பார்வையற்றவன். ஆண்ட்ராய்டு கைப்பேசியில், திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் டாக்பேக் வசதியை வைத்து வாட்ஸ்அப் செய்திகளைச் சரளமாகக் கேட்கிறான். ஆனால், டிக்கெட் எடுக்கும் செயலி ஒன்றில் ‘பட்டன், பட்டன்’ என்பதைத் தவிர வேறு எதுவும் காதில் விழுவதில்லை. எங்கள் ஊர்க் கொடை விழா நோட்டீஸை அனுப்பினாலும் அவனால் கேட்க முடியவில்லை. கோளாறு கைப்பேசியிலா?
(வாசகர் ஒருவர், அம்பாசமுத்திரம்)

பதில்: கைப்பேசியில் கோளாறு இல்லை. டாக்பேக் திரையைப் பார்த்து வாசிக்கிறது என்றே பலரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அது திரையைப் பார்ப்பதே இல்லை. ‘இது பட்டன், இதன் பெயர் அனுப்பு, இது எழுதும் கட்டம், இப்போது காலியாக உள்ளது’ என்று ஒவ்வொரு செயலியும் தன் திரையில் உள்ளவற்றைப் பற்றிய குறிப்புகளை ஆண்ட்ராய்டிடம் ஒப்படைக்கிறது. தம்பி விரலை நகர்த்தும்போது, விரலுக்குக் கீழே இருப்பதன் குறிப்பை டாக்பேக் எடுத்துக் கொடுக்க, எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருள் அதைக் குரலாக்குகிறது. கேட்டது வேண்டியதுதான் என்றால், திரையில் எங்கே இருமுறை தட்டினாலும் அந்தப் பட்டன் இயங்கும். 2009இல் ஐபோன் 3ஜிஎஸ்ஸில் வந்த, இதே வேலையைச் செய்யும் வாய்ஸ்ஓவரும் இப்படித்தான் இயங்குகிறது. தடவினால் தட்டுப்படும் பொத்தான்கள் இல்லாத வெறும் கண்ணாடியைப் பார்வையற்றோர் கையாள முடிந்தது இந்த ஏற்பாட்டினால்தான்.

இனி உங்கள் டிக்கெட் செயலிக்கு வருவோம். அதை உருவாக்கியவர் அம்புக்குறியையோ நாட்காட்டியையோ படமாக வரைந்து வைத்துவிட்டு, அதற்குப் பெயர் எழுதாமல் விட்டிருக்கிறார். பார்வையுள்ளவருக்குப் படமே போதும். டாக்பேக்கின் கைக்குக் கிடைப்பதோ ‘பட்டன்’ என்ற ஒரு சொல்தான். பெயர் எழுதுவது ஒரு வரி வேலை என்பதால், இதை நான் சோம்பல் என்றே சொல்வேன். செயலியின் பக்கத்தில் புகார் எழுதுங்கள். அதுவரை, நீங்கள் தம்பியின் அருகில் உட்கார்ந்து எந்தப் பட்டன் எதற்கு என்று சொன்னால், டாக்பேக் மெனுவில் உள்ள லேபிள் வசதியைக் கொண்டு அவனே பெயர் சூட்டிக்கொள்ளலாம். எல்லாப் பட்டன்களும் இதற்கு இடம் கொடுப்பதில்லை, ஆனால் பல கொடுக்கும்.

நோட்டீஸின் கதை வேறு. அம்மன் படமும் வில்லிசைக் குழுவின் பெயரும் நம் கண்ணுக்கு எழுத்தாகத் தெரிந்தாலும், கைப்பேசிக்கு அது முழுவதும் ஒரே புகைப்படம்தான். கூகுள் லென்ஸ் போன்றவை படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் என்றாலும், நம் அச்சகங்கள் விரும்பிப் போடும் வளைந்த அலங்கார எழுத்துகளில் தடுமாறும். சரி, அச்சகத்திலேயே எழுத்துக் கோப்பாக வாங்கலாமே என்றால், அங்கும் ஒரு வம்பு உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் ‘அம்மா’ என்று தெரிவது, உள்ளே ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்ற ஆங்கிலத் தட்டெழுத்துகளாகவே கிடக்கும். டாக்பேக்கும் அதையே உளறும். ஆகவே, தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே பதிந்து வைக்கும் யூனிகோடு முறையில் கோப்பு வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். அதற்கும் வழியில்லையென்றால், கொடை நாளையும் வில்லிசை தொடங்கும் நேரத்தையும் படத்தின் கீழே நீங்களே தட்டச்சு செய்து அனுப்பிவிடுங்கள்.