அமெரிக்காவில் சொந்த நிலமோ தெரிந்த விவசாயியோ இல்லாமல், ஏரிக்கரைப் பொது நிலத்தில் ஃபெசன்ட் பறவை வேட்டைக்குப் போக முடியுமா?

தாராளமாகப் போகலாம். நான் மினசோட்டாவில் இருக்கிறேன். இலையுதிர் காலம் வந்தால் பக்கத்து மாநிலமான தெற்கு டகோட்டாவுக்குப் போய், ஓவாஹி ஏரியின் கிழக்குக் கரையில்தான் ஃபெசன்ட் வேட்டையாடுகிறேன். அங்கே எனக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது, பண்ணை வைத்திருக்கும் சிநேகிதரும் கிடையாது. ஒரு நாளைக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு வேட்டைக்கு விடும் பண்ணைகள் அந்த மாநிலத்தில் நிறைய உண்டு. வசதி இருப்பவர்கள் போகட்டும். எனக்கு அது தேவைப்பட்டதில்லை.

கேள்வியின் கீழே இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: "பொது நிலத்தில் முதல் வாரத்திலேயே எல்லாப் பறவையும் தீர்ந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?" தீர்வதில்லை. மனிதர்கள் எந்தப் பக்கம் வருவார்கள், எவ்வளவு தூரம் நடப்பார்கள் என்று பறவைகள் கற்றுக்கொண்டு இடம் மாறிவிடுகின்றன, அவ்வளவுதான். பொது நில வேட்டை என்பதே அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான். பருவம் முதிர முதிர அது உங்களுக்குச் சாதகமாகத் திரும்பும்.

முதலில் பறவையைப் பற்றிக் கொஞ்சம். மயிலும் காட்டுக்கோழியும் எந்தக் குடும்பமோ அதே குடும்பம்தான் ஃபெசன்ட்டும். சேவலுக்குக் கரும்பச்சைத் தலை, கண்ணைச் சுற்றிச் சிவப்புத் தோல், கழுத்தில் வெள்ளை வளையம், செம்பு நிற உடம்பு, நீண்ட வால். பெட்டை முழுக்கக் காய்ந்த புல்லின் நிறம். இது அமெரிக்காவின் பூர்வீகப் பறவையே கிடையாது. 1880களின் தொடக்கத்தில் ஷாங்காயில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்த ஓவன் டென்னி, சீனாவிலிருந்து ஓரிகனுக்கு அனுப்பிய பறவைகள்தான் இந்த நாட்டில் முதலில் நிலைத்துப் பெருகியவை. தெற்கு டகோட்டாவில் 1908, 1909 வாக்கில் ரெட்ஃபீல்ட் என்ற ஊர்ப் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். 1919ல் முதல் வேட்டைப் பருவம். ஸ்பிங்க் மாவட்டத்தில் மட்டும், ஒரே ஒரு நாள். 1943ல் அதையே மாநிலப் பறவை ஆக்கிவிட்டார்கள்.

சுடுவது சேவலை மட்டும்தான். ஒரு சேவல் பல பெட்டைகளோடு இணை சேரும் என்பதால், சேவல்கள் குறைவதால் அடுத்த வருட முட்டை குறையாது. அடுத்த வருடத்தைத் தீர்மானிப்பது பெட்டை குளிர்காலத்தைத் தாண்டுகிறதா, வசந்தத்தில் கூடு கட்டக் கலைக்காத புல் இருக்கிறதா என்ற இரண்டும்தான். புல் போய்விட்டால் வேட்டையைத் தடை செய்தாலும் ஃபெசன்ட் இருக்காது. இதை இங்குள்ள வேட்டைக்காரர்கள் நன்றாகவே உணர்ந்திருக்கிறார்கள்.

இப்போது ஏரிக்கு வருவோம். ஏரி என்றதும் நம் ஊர்க் கண்மாயை நினைக்க வேண்டாம். பியர் நகருக்கு மேலே மிசௌரி ஆற்றை மறித்துக் கட்டிய அணையில் தேங்கிய நீர் இது. வடக்கு டகோட்டாவின் பிஸ்மார்க் பக்கம் வரை 231 மைல் நீளம், வளைந்து நெளிந்து 2,250 மைல் கரை. 1944ம் ஆண்டு வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி ராணுவப் பொறியாளர் படை கட்டியது. 1962 ஆகஸ்டில் கென்னடி வந்து திறந்துவைத்தார். நீர் ஏறக்கூடிய உயரத்தைக் கணக்குப் போட்டு, அதற்கும் சற்று மேலே ஒரு கோடு கிழித்து, அதுவரை உள்ள நிலத்தை அரசு கையகப்படுத்தியது. இன்று தண்ணீருக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவே இருக்கும் பட்டைதான் நாம் நடக்கும் பொது நிலம். சில இடங்களில் பெரிய மேடுகளும் ஓடைகளுமாக விரிந்து கிடக்கும், சில இடங்களில் வேலிக்கும் நீருக்கும் நடுவில் குறுகிப்போகும். 1999ல் வந்த ஒரு சட்டத்தால் இதில் கணிசமான பகுதி மாநிலத்தின் கைக்கு வந்தது. வேட்டை, மீன், பூங்காத் துறை பராமரிக்கிறது.

இந்த நிலம் எப்படி வந்தது என்பதையும் சொல்லியே ஆக வேண்டும். இந்த அணையால் ஷையென் ரிவர் சூ பழங்குடியினர் ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் இழந்தார்கள். ஸ்டாண்டிங் ராக் மக்கள் சுமார் 56 ஆயிரம் ஏக்கர். போனது வெறும் மேய்ச்சல் மேடு இல்லை. பனிக்காற்றுக்கு ஒதுங்க மரக்காடு, விறகு, மூலிகை, மான் என்று அவர்கள் வாழ்க்கைக்கு வேண்டியதெல்லாம் அந்த ஆற்றங்கரைத் தாழ்நிலத்தில்தான் இருந்தது. ஷையென் ரிவர் மக்களின் பழைய நிர்வாக ஊரான ஷையென் ஏஜென்சி இன்று தண்ணீருக்கு அடியில். அலுவலகத்தை ஈகிள் பியூட்டுக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். பொது நிலம் எல்லோருக்கும் சொந்தம் என்று மகிழ்ச்சியாகச் சொல்லும்போது இது எனக்கு உறுத்தும், உறுத்தவும் வேண்டும். நடைமுறையில் உங்களுக்கு இதில் ஒரு விஷயம்: மேற்குக் கரையில் பெரும்பகுதி இந்த இரண்டு பழங்குடியினரின் ஒதுக்கீட்டு நிலம். பழங்குடி நிலத்தில் வேட்டையாட அவர்கள் தரும் உரிமம் தனியாக வேண்டும். மாநில உரிமமே போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போகும் வருடத்தின் விதிப் புத்தகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பருவம் அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை தொடங்கி ஜனவரி 31 வரை. அதற்கு முந்தைய வார இறுதியில் மூன்று நாள், பொது நிலத்தில், உள்மாநிலத்தவருக்கு மட்டும். காலை 10 மணிக்கு முன் சுடக்கூடாது, அதுவும் மத்திய நேரப்படி. ஆற்றுக்கு மேற்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடும் என்பதால் இதில் கவனம். மாலை சூரியன் மறையும் வரை. ஒருவருக்கு நாளைக்கு மூன்று சேவல். சுட்டதைச் சுத்தம் செய்தாலும் தலையோ, இறகோடு ஒரு சிறகோ, ஒரு காலோ உடம்பில் ஒட்டியிருக்க வேண்டும், வழியில் அதிகாரி நிறுத்தினால் சேவல்தான் என்று காட்டுவதற்காக.

தோட்டாவில் ஈய ரவையா எஃகு ரவையா என்றும் கேட்டிருந்தீர்கள். பொது நிலம் என்றால் எஃகுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் நீர்ப்பறவை உற்பத்தி நிலங்களில் ஈயம் கண்டிப்பாகக் கூடாது. எங்கே எது என்று ஒவ்வொரு வாசலிலும் பையைக் குடைந்துகொண்டிருப்பதைவிட இது எளிது. எஃகு எடை குறைவு, ஆகவே ஈயத்தைவிட இரண்டு அளவு பெரிய ரவை வேண்டும். நான் 12 போர் (குழல் அளவு) துப்பாக்கியில் 2 அல்லது 3ம் எண் ரவை போடுகிறேன். நீர்ப்பறவைகள் குஞ்சு பொரிக்கும் இடத்தில் ஈயத்தைத் தூவாமல் இருப்பது நல்லதும்கூட.

சரி, எப்படி வேட்டையாடுவது?

முதல் இரண்டு வாரம் நான் போவதில்லை. மக்காச்சோளம் இன்னும் அறுத்திருக்க மாட்டார்கள். பறவைகள் பகலெல்லாம் தனியார் வயலுக்குள் இருக்கும், பொது நிலத்து வாசல்களில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். நவம்பர் கடைசியில் நிலைமையே வேறு. அறுவடை முடிந்து வயல் மொட்டையாகிவிடும். ஒரு பனி விழுந்து மெல்லிய புல் படுத்துவிட்டால், சுற்று வட்டாரத்துப் பறவைகளுக்கு ஒதுங்க மிச்சம் இருப்பது ஏரிக்குள் இறங்கும் ஓடைப்பள்ளங்கள்தான். அங்கே முள் அடர்ந்த பஃபலோபெர்ரிப் புதர், காட்டுப் பிளம், ஓடை முடியும் இடத்தில் ஆள் உயரச் சம்பு. பக்கத்தில் துறை விதைத்துவிட்ட சோளத் துண்டு ஏதாவது இருந்தால் இன்னும் விசேஷம். அந்தச் சமயத்தில் வார நாளில் போனால் மைல் கணக்கில் வேறு ஆளே இருக்காது.

வண்டியை நிறுத்தும்போதே வேட்டை தொடங்கிவிடுகிறது. கதவை அறைந்து சாத்தாதீர்கள். நாயைப் பெயர் சொல்லிக் கத்திக் கூப்பிடாதீர்கள். நவம்பர் சேவலுக்குக் கதவுச் சத்தம் என்றால் என்னவென்று தெரியும். அரை மைல் தள்ளியிருந்தாலும் ஓடத் தொடங்கிவிடும். காற்று முகத்தில் அடிக்கும்படி நடங்கள். நாய்க்கு வாசனை கிடைக்கும், நம் சத்தம் பின்னால் போகும். பனி இருந்தால் தடத்தைப் பாருங்கள். முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று, ஒன்றன் பின் ஒன்றாக நூல் பிடித்தது போல நேராகப் போகும். புதுப் பனியில் வால் நுனி இழுபட்ட கோடுகூடச் சில நேரம் தெரியும். தட்டுத் தடுமாறாமல் ஒரே நேராகப் போயிருந்தால் அது மேய்ந்த தடம் அல்ல, உங்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கும் தடம்.

ஏரி நமக்கு உதவுவது இங்கேதான். ஃபெசன்ட் பறப்பதைவிட ஓடத்தான் விரும்பும். சமவெளியில் அதற்கு ஓட எல்லையே இல்லை. ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நில மூக்கில் அப்படி முடியாது. அகலமான பக்கத்திலிருந்து நுழைந்து, இடமும் வலமுமாக வளைந்து வளைந்து, நின்று நின்று முனையை நோக்கி நடக்க வேண்டும். நிற்பது முக்கியம். நாம் நின்றால் புதருக்குள் பதுங்கியிருக்கும் பறவைக்குப் பொறுக்காது. கடைசி ஐம்பது கெஜத்தில், புல் முடிந்து சேறு தொடங்கும் இடத்தில், எல்லாம் ஒன்றாக எழும்பும். சேவல் கிளம்பும்போது சிறகடிக்கும் சத்தமும் தொண்டையிலிருந்து வரும் கொக்கரிப்பும் சேர்ந்து நெஞ்சை ஒரு உலுக்கு உலுக்கும். எத்தனை வருடம் ஆனாலும் அது குறையாது. அந்த ஒரு விநாடியில் நிறத்தைப் பார்த்தாக வேண்டும். மாலையில் சூரியனுக்கு எதிரே எழும்பினால் சேவலும் கறுப்பு, பெட்டையும் கறுப்பு. அந்தப் பக்கத்தில் கூர்வால் க்ரவுஸ் என்ற வேறொரு பறவையும் உண்டு, அதற்குத் தனி விதி. கழுத்து வளையமோ நிறமோ தெரியவில்லை என்றால் சுடாதீர்கள்.

வறட்சி வருடங்களில் ஏரி இறங்கிவிடும். கோடு இருந்த இடத்திலேயே இருக்க, தண்ணீர் மட்டும் விலகி, புதிதாக வெளிப்பட்ட மண்ணில் களை மண்டிக் கிடக்கும். அதற்குள் பறவை இருக்கும். ஆனால் அந்த மண் மழையில் நனைந்தால் பயங்கரம். உள்ளூரில் கம்போ என்பார்கள், நம் கரிசலைவிட மோசமாக ஒட்டும். வண்டியைத் தார்ச்சாலையிலோ சரளை போட்ட இடத்திலோ விட்டுவிட்டு நடப்பதே நல்லது.

நாய் இல்லாமல் போகலாமா? போகலாம், ஆனால் நான் ஊக்கப்படுத்த மாட்டேன். சிறகு உடைந்து விழுந்த சேவல் ஓடும், அதுவும் சம்புக்குள் ஓடினால் மனிதனால் கண்டுபிடிக்க முடியாது. காயப்படுத்திய பறவையைத் தேடி எடுக்காமல் அடுத்ததற்குப் போவது எனக்கு ஒப்பாத காரியம். நாய் இல்லையென்றால் மெல்லிய புல்லில், கிட்டத்தில் எழும்புவதை மட்டும் சுடுங்கள். விழுந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நேரே அங்கே போங்கள். வேலி தாண்டித் தனியார் நிலத்தில் விழுந்தால், துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு நடந்து போய் எடுத்துவர இந்த மாநிலத்தில் சட்டம் அனுமதிக்கிறது. பக்கத்தில் வீடு இருந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது மரியாதை.

நாய் இருப்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது டிசம்பர்ப் பனிக்கட்டியைப் பற்றி. நடு ஏரி திறந்திருக்கும்போதே சிறு விரிகுடாக்கள் உறைந்துவிடும். மேலே பனி விழுந்து மூடிவிட்டால் கரை எங்கே முடிகிறது என்றே தெரியாது. அதன்மேல் சேவல் விழுந்தால் நாய் யோசிக்காமல் ஓடும். மெல்லிய கட்டி உடைந்து உள்ளே போய்விட்டால் விளிம்பைப் பிடித்து ஏற அதனால் முடியாது. காப்பாற்றப் போன மனிதர்களும் இறந்திருக்கிறார்கள். ஆகவே தண்ணீர் பக்கம் பறக்கும் சேவலை விட்டுவிடுங்கள். எவ்வளவு சுலபமான குறியாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

ஆரஞ்சு நிறத் தொப்பியும் மேல்சட்டையும் ஃபெசன்ட்டுக்கு அங்கே சட்டப்படி கட்டாயமில்லை. இருந்தாலும் போடுங்கள். ஆள் உயரச் சம்புக்குள் கூட வந்தவர் எங்கே நிற்கிறார் என்று தெரிய வேறு வழியில்லை.

நம்மவர்கள் அடிக்கடி கேட்பது விசா. கிரீன் கார்டு இருந்தால் இதில் சிக்கல் இல்லை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடை சொல்கிறது. ஏதாவது ஒரு மாநிலம் தந்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும். இதில் நண்பர்கள் சொல்வதை நம்பி இறங்காமல் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் உங்கள் மாநிலத்தில் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு எடுத்துவிடுங்கள். மினசோட்டாவில் 1979க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அந்தச் சான்றிதழ் இல்லாமல் பொதுவாக உரிமம் கிடையாது.

வெளிமாநிலத்தவருக்கான உரிமம் இரண்டு ஐந்து நாள் தவணைகளாகத் தருவார்கள், தேதியை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். முதலாவதை நவம்பர் நடுவில் வைத்துக்கொண்டு இடங்களைப் பழகுங்கள். இரண்டாவதை டிசம்பருக்கு ஒதுக்குங்கள், முதல் பெரும்பனி விழுந்த மறுநாளிலிருந்து. தங்குவதற்கு அந்தப் பக்கத்துச் சிறு ஊர்களான மோபிரிட்ஜ் அல்லது கெட்டிஸ்பர்க். டிசம்பரில் அறை சுலபமாகக் கிடைக்கும்.